இடது காலுக்கு ஒரு வீட்டு முகவரி

என் வலது கால் போலியோவில் போனது. நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டதால் அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் கிடையாது. என் வாழ்க்கை முழுக்க இடது காலில்தான் நின்றது. படுத்த இடத்திலிருந்து எழுவது, மூன்று சக்கர வண்டியில் ஏறி உட்காருவது, இறங்குவது, பொதுக் கழிப்பறையில் சுவரைப் பிடித்துத் திரும்புவது எல்லாம் அதை வைத்துத்தான். அந்தக் கால் போக இருந்த நாட்களைப் பற்றி இப்போது எழுதுகிறேன். புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை, அது எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கலைச்செல்வி. நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் சீப்பு, கர்ச்சீப், ஊக்கு, ஹேர்பின் விற்கிறேன். தங்குவதும் அங்கேதான், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் ஷட்டர் ஓரம். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்து பிளஸ் டூ முடித்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு வெளியே வாடகைக்குப் போனோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். திருப்பூரில் இருக்கும் அண்ணன் "வந்துரு" என்றுதான் சொன்னான். அவன் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. போன நாளன்று இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். அதற்கப்புறம் தெருவைப் பால்கனியிலிருந்து மட்டும்தான் பார்த்தேன். ஜெயிலில்கூட நடக்க விடுவார்கள் என்று அண்ணியிடம் சண்டை போட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன்.

புண் வந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கையால் பெடல் சுற்றி ஓட்டும் என் வண்டியில் பிரேக் தேய்ந்து நாளாகிறது. சரிவு வந்தால் இடது காலை ரோட்டில் ஊன்றித் தேய்த்து நிறுத்துவேன். கோடையில் ஒரு நாள் அப்படி நிறுத்தியதில் பாதத்தில் கொப்புளம் வந்தது. வலியே இல்லை. வலி இல்லாததுதான் கெட்ட சேதி என்று எனக்கு அப்போது தெரியாது. கொப்புளம் உடைந்து, நீர் வடிந்து, பாதம் கறுத்து, கெண்டைக்கால் வரைக்கும் வீங்கியது. ஜுரத்தில் பல் கிட்டிக்கொண்டு நான் உளற ஆரம்பித்தபோது 108-க்குப் போன் போட்டது தனம்.

தனம் மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. தினமும் பஸ் ஏறி வந்து எனக்குப் பக்கத்தில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்பாள். என்னைவிடச் சின்னவள், வாய் என்னைவிடப் பெரிது. ஆம்புலன்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு அரசு ஆஸ்பத்திரி. எது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒன்றுதான் அப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அவசரப் பிரிவில் ஒருவர் பெயர், வயது கேட்டார். பிறகு, "எங்கம்மா இருக்கீங்க?" என்றார்.

"பிளாக் பதினெட்டு."

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிளாக் நம்பர்தான் வாயில் வரும். எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஜாதகம் மாதிரி முதலில் விசாரிப்பது "நீங்க எந்த பிளாக்?" என்பதைத்தான். ஜுர வேகத்தில் என் வாயும் பழக்கப்பட்டதைச் சொல்லிவிட்டது. கூடவே வீட்டு நம்பரையும் சொல்லியிருக்கிறேன். அப்பா பெர்மனென்ட் என்றும் சொன்னேனாம். அவர் மரியாதையாக, "ஸ்ட்ரெச்சர்ல படுங்கம்மா" என்றார். தனம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில் படுக்கை கிடைத்தது. மறுநாள் காலை ஒரு இளம் டாக்டரம்மா வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

"ரொம்ப நாளா இருந்திருக்கு. சர்க்கரை அதிகமா இருந்தா கால் நரம்பு மரத்துப்போகும். அதனாலதான் உங்களுக்கு வலி தெரியல. இதை டயபடிக் ஃபுட், சர்க்கரை நோய்ப் பாதம்னு சொல்லுவோம்." பாதத்தின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். "உள்ளே சீழ் இருக்கு. மயக்க மருந்து குடுத்து, கெட்டுப்போன சதை எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடுவோம். ரெண்டு விரல் போயிடும். அப்புறம் தினமும் கட்டு மாத்தணும், ரெண்டு மாசம்கூட ஆகலாம். வீட்ல காலை நனைக்காம, மண்ணு படாமச் சுத்தமா வெச்சுக்குவீங்கல்ல?"

அப்போதுதான் நான் எந்த முகவரியைச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

"வெச்சுக்குவேன்" என்றேன்.

"அப்போ காலைக் காப்பாத்திடலாம்."

திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. 'காப்பாத்திடலாம்' என்று ஒருவர் சொன்ன பிறகு, இல்லை டாக்டர், எனக்கு வீடு கிடையாது என்று எந்த வாயால் சொல்வது?

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் என்று ஒரு சோதனை. சிறுநீரகம் கழிவைச் சரியாக வடிகட்டுகிறதா என்று அது சொல்லும். அது கூடியிருந்ததால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். மறுபடி எடுத்தார்கள். இன்னும் கூடியிருந்தது. சலைன் ஏற்றினார்கள், அப்போதும் இறங்க மாட்டேன் என்றது. ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போக, டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க தண்ணி குடிக்கிறீங்களா இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

"குடிச்சா போகணுமே."

அந்த வார்டின் கழிப்பறை ஒரு படி உயரத்தில் இருந்தது. உள்ளே தரையில் பதித்த பீங்கான். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு குழாய்கூட இல்லை. கதவு வீல்சேர் நுழையாத அகலம். என் வண்டி பஸ் ஸ்டாண்டில் கிடந்தது. கொண்டுவந்திருந்தாலும் வார்டுக்குள் விடமாட்டார்களாம். முதல் நாள் தனமும் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தனம் எப்போதும் இருக்க முடியுமா? அவள் பழம் விற்றால்தான் அவள் வீட்டில் உலை. அடுத்தவர் வீட்டுப் பெண்ணை எத்தனை தடவை கூப்பிடுவது? அதனால் சோற்றையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். சக்கர நாற்காலியில் வாழும் பெண்களில் பாதிப்பேருக்கு இந்த வித்தை தெரியும். பயணம் என்றால், கல்யாண வீடு என்றால், நாங்கள் முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவோம்.

இதை எல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு: "டாக்டர், நீங்க அந்தக் கழிப்பறைக்குப் போய் ஒத்தைக் கால்ல உட்கார்ந்து எழுந்திரிச்சுட்டு வாங்க. நான் ஒரு குடம் குடிக்கிறேன்."

வார்டே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்து பார்த்தார். அன்று சாயங்காலம் வேறு வார்டிலிருந்து நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலியும் தடுப்புத் திரையும் வந்தன. குடித்தேன். கிரியாட்டினின் இறங்க ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அதற்குள் வேறொரு வழியில் குட்டு உடைந்தது. கூட இருக்க வீட்டிலிருந்து யாரும் வரவில்லையே என்று வார்டு சிஸ்டருக்கு என் மேல் இரக்கம். "எங்க அண்ணனும் பதினெட்டாவது பிளாக்தான். ஷிப்ட் முடிச்சுட்டுப் போறப்ப உங்க வீட்ல தகவல் சொல்லச் சொல்றேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிஸ்டரின் அண்ணன் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கே ஏதோ ஒரு இன்ஜினியர் குடும்பம் இருக்கிறது. கலைச்செல்வி என்று யாரையும் அவர்களுக்குத் தெரியாது.

சிஸ்டர் என்னிடம் வந்து கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தத் தகவல் டாக்டர்களுக்குப் போனது. மறுநாள் காலை டாக்டரம்மாவோடு பெரிய டாக்டரும் வந்தார். என் தலைமாட்டில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பிளஸ் டூ படித்தவள்தானே, 'பிலோ நீ' என்றால் எனக்குப் புரியும். முழங்காலுக்குக் கீழே.

தனம் அன்று வந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், காப்பாத்திடலாம்னு சொன்னீங்களே. புண்ணு பெருசாயிடுச்சா?"

டாக்டரம்மா பெரியவரைப் பார்த்தார், பிறகு என்னை. "இல்லம்மா. புண்ணு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு."

"பின்னே?"

"பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கிட்டு இந்தப் புண்ணை ஆத்த முடியாது. தூசி, மழைத்தண்ணி, யார் கட்டு மாத்துவாங்க? மறுபடி அழுகினா அடுத்து தொடையில வெட்டணும். உயிரே போகலாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டா தையல் போட்டுடுவோம், சீக்கிரம் ஆறிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

பெரிய டாக்டர் தன் பங்குக்கு, "நீங்க எப்படியும் வண்டியிலதானேம்மா போறீங்க" என்றார். அவர் கெட்டவர் கிடையாது. ஒரு கால் ஏற்கெனவே இல்லாதவளுக்கு இன்னொரு கால் அவ்வளவு அவசியமா என்று யோசித்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு கால் இல்லாததால்தான் அது அவ்வளவு அவசியம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வண்டியில் போகிறேன், சரி. வண்டியில் ஏறுவது எதை வைத்து?

டாக்டரம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அநியாயம் என்றால் கத்தித் தீர்க்கலாம். அதே கால், அதே புண். பிளாக் பதினெட்டில் இருந்தவளுக்கு இரண்டு விரல், பஸ் ஸ்டாண்டில் இருப்பவளுக்குப் பாதிக் கால்.

சிஸ்டர் சம்மதக் கையெழுத்துக்குச் சொந்தக்காரர் வேண்டும் என்றார். திருப்பூருக்குப் போன் போட்டார்கள். அண்ணன் அழுதான். அழுதுகொண்டே, "டாக்டர் சொல்றபடி செய்யுங்க" என்றான்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கால் அவனோடது இல்லை. எனக்குச் சுயநினைவு இருக்கு, புத்தி பேதலிக்கல. மாற்றுத்திறனாளிங்கிறதால என் கையெழுத்து செல்லாமப் போயிடாது. போட்டா நான்தான் போடுவேன்" என்றேன். டாக்டரம்மா, "அவங்க சொல்றது சரிதான் சிஸ்டர்" என்றார். அப்புறம் என்னிடம் குனிந்து, "சரி, எங்க தங்குவீங்க? சுத்தமா ஒரு இடம் காட்டுங்க. நாளைக்கு மத்தியானம் தியேட்டர். அதுக்கு மேல தள்ளினா நானே நினைச்சாலும் காலை விட முடியாது" என்றார்.

தனம் கூடையை வார்டு ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். தன் வீட்டுக்கே கூட்டிப் போகத்தான் முதலில் பார்த்தாள். ஒரே அறை, மாமனார் மாமியாரோடு ஆறு பேர். "எங்க வூட்ல காலு நீட்டவே எடமில்லியே யக்கா" என்று கண் கலங்கினாள். அரசாங்க உதவியோடு நடக்கும் வீடற்றோர் விடுதி ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. அங்கே போய்விட்டுப் போன் போட்டாள்.

"மாடியிலதான் பொம்பளைங்க ரூமாம். தன் வேலையத் தானே பாத்துக்கறவங்களத்தான் சேப்பாங்களாம். நடக்க முடியாதவங்கள மாற்றுத்திறனாளி இல்லத்துக்கு இட்டுகினு போவச் சொல்றாங்க."

அந்த இல்லத்துக்கு நானே போன் போட்டேன். புண் உள்ளவர்களை எடுப்பதில்லையாம். "வீட்ல வெச்சு ஆத்திட்டு அப்புறம் வாங்கம்மா" என்றார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். உதவித்தொகைக்கு நான் ஏற்கெனவே அங்கே அலைந்தவள்தான். ரேஷன் கார்டு இல்லாமல் அது நகரவில்லை, வீடு இல்லாமல் ரேஷன் கார்டு இல்லை. நடக்கத் தெரிந்தவருக்கு ஒரு கதவு, புண் இல்லாதவருக்கு ஒரு கதவு. நடக்கவும் முடியாமல் புண்ணோடும் வந்தவளுக்கு எந்தக் கதவும் இல்லை.

விடிந்தது. எனக்குச் சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் எழுதி மாட்டிவிட்டார்கள். தனம் மறுபடி விடுதிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் போட்டு, அதைக் காப்பாளரின் கையில் திணித்து, "நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

"அம்மா, மாடிப்படி ஏற முடியாதேம்மா நீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர்.

"கீழே என்ன இருக்கு சார்?"

"கீழே ஆபீஸும் ஸ்டோர் ரூமும். பாய், பக்கெட், பழைய கட்டில் எல்லாம் போட்டு வெச்சிருக்கோம்."

"பக்கத்துல பாத்ரூம்?"

"ஸ்டாஃப் பாத்ரூம் இருக்கு. வெஸ்டர்ன்."

"சார், பாயும் பக்கெட்டும் மாடிக்குப் போகட்டும். அதுங்களுக்குக் கால் வேணாம், தனம் தூக்கிட்டுப் போயிடுவா. நான் கீழே இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால், "மேலே கேக்கணும்மா, ரூல்ஸ்" என்றார். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் வந்து நின்றான். அந்த நேரத்தில் டாக்டரம்மா வந்தார். விடுதிக் காப்பாளர் என்று சொல்லிப் போனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் சொன்ன அதே பாயும் பக்கெட்டும்தான் அவரும் பேசினார். டாக்டர் சொன்னதும் ரூல்ஸ் கொஞ்சம் ஒதுங்கி நின்றதாம். எனக்கு அதில் ஆத்திரம் உண்டு, ஆனால் அந்த நிமிடம் அவர் காலில் விழாத குறை.

"ஸ்டோர் ரூமை ஒழிச்சுத் தர்றாங்களாம்" என்றார் திரும்பி வந்து. "ஆனா ஒண்ணு. திறந்து பார்த்து எலும்பு வரைக்கும் போயிருந்தா நான் எடுத்துத்தான் ஆகணும். அதுக்கும் சேர்த்துச் சம்மதம் வேணும்."

பேனாவை வாங்கினேன். "எலும்பு போயிருந்தா எடுங்க டாக்டர். வீடு இல்லைன்னு எடுக்காதீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரிம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். அது இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும், ஆள் முழித்திருப்பாள். நெஞ்சுக்கு நேராக ஒரு பச்சைத் துணியை மறைப்பாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. இரும்புச் சாமான் தட்டில் விழுந்த ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை, யாரோ எதையோ இழுப்பதில் என் உடம்பு அசைவது. ஒரு தடவை எல்லோரும் பேசாமல் நின்றார்கள். இப்போது வெட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். சாமி பெயர்கூட ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வார்டில் கொண்டுவந்து போட்டபோதும் இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் இல்லை. தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"தனம், இருக்கா பாரு."

அவள் போர்வையை விலக்கினாள். "இருக்குது யக்கா."

"பொய் சொல்லாத. தொட்டுச் சொல்லு."

"தொட்டுகினுதான் இருக்கேன். குதிகாலு இருக்குது, பெருவிரலு இருக்குது. ஓரமா ரெண்டுதான் இல்ல. மீதிய மூட்ட மாதிரி கட்டி வெச்சிகினு இருக்காங்க."

"எனக்குத் தெரியலையே தனம்."

"மருந்து எறங்கினா தெரியும், சும்மா கெட." அவளும் அழுதுகொண்டிருந்தாள். சாயங்காலம் குதிகாலில் முதன்முதலாகச் சுருக்கென்று ஒரு வலி வந்தது. அத்தனை மாதமாக வராத வலி. வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஐயோ என்று கத்தினேன், சந்தோஷத்தில்.

இப்போது ஸ்டோர் ரூமில் இருக்கிறேன். பழைய கட்டிலில் ஒன்றைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாசல் படியில் வைக்க ஒரு பலகையைத் தனம் எங்கிருந்தோ சொல்லி வாங்கி வந்தாள். கட்டு மாற்ற விடுதிக்காரர்களே ஆட்டோவில் அனுப்புகிறார்கள்.

போன வாரம் கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. திருவதிகைக் கோயில் வாசலில் இருப்பவராம், பெயர் கோவிந்தன். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் பாதத்தில்தான் ஆரம்பித்ததாம். என்னைப் பார்த்த அதே டாக்டரம்மா, எங்கள் வார்டுக்கு எதிர்வார்டு. பெரியவர் என் பாதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு மட்டும் எப்பிடிம்மா காலை வுட்டாங்க?"

அவர் புண் என்னுடையதைவிட மோசமாக இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். ஆனாலும் அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. வந்த அன்று எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஜுரத்தில் பழைய குவார்ட்டர்ஸைச் சொல்லிவிட்டேன் என்றும், அதனால் முதலில் காலைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள் என்றும், அப்புறம் சண்டை போட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டி நுனியை இழுத்து, கால் முடிந்த இடத்தை மூடினார். பிறகு, தன் மேல்தான் தப்பு என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"என்னையும் கேட்டாங்கம்மா. நான் கோயில் வாசல்ல இருக்கேன்னு நெசத்தச் சொல்லிட்டேன்."